ஆன்டெனாவில் ஆரம்பியுங்கள்: ஹாம் ரேடியோ கேள்வி–பதில்

உரிமம் பெற்று, பொழுதுபோக்காக ரேடியோ அலையில் பிறரோடு பேசுவதுதான் ஹாம் ரேடியோ; அப்படிப் பேசுபவர் ஹாம். அதைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "எந்த செட் வாங்கலாம்?" என்றே ஆரம்பிக்கின்றன. அந்தக் கேள்விக்கு இந்தப் பகுதியில் முதலிடம் கிடையாது. காரணம் போகப் போகப் புரியும்.

ஒரு தாய், மடிப்பாக்கம்: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஆன்லைனில் ஒரு வாக்கி–டாக்கியைப் பார்த்து வைத்துக்கொண்டு, "இதை வாங்கிக் கொடுங்கம்மா, ஹாம் ஆகிடறேன்" என்று நச்சரிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

இப்போது வேண்டாம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை இயக்குவது மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி தவறு. "லைசென்ஸ் தேவையில்லை" என்று போட்டு விற்கப்படுபவை இருக்கின்றன. ஆனால் அந்த விலக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு இடத்தில், குறைந்த பவரில் இயங்கும் கருவிகளுக்குத்தான். 136 முதல் 174 வரை, 400 முதல் 520 வரை எல்லாம் பேசும் ஐந்து வாட் செட் அந்த வகையில் சேராது. அந்த எல்லைக்குள் போலீஸ், துறைமுகம் என்று பலருடைய அலைவரிசைகள் இருக்கின்றன. பையன் தெரியாமல் பட்டனை அழுத்தினாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

வழி இதுதான். 12 வயது நிறைந்தால் தேர்வு எழுதலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவுதான் தேர்வு நடத்தி உரிமம் தருகிறது. விண்ணப்பம் 'சரள் சஞ்சார்' இணையதளத்தில். சென்னைக்காரர்களுக்குத் தேர்வு பெருங்குடியில் உள்ள வயர்லெஸ் மானிட்டரிங் ஸ்டேஷனில் நடக்கும். உரிமக் கட்டணம் 20 ஆண்டுக்கு 1000 ரூபாய், வாழ்நாளுக்கு 2000 ரூபாய் என்பதே பல ஆண்டுகளாக இருந்துவரும் கணக்கு. கட்டுவதற்கு முன் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேர்வில் தேறி உரிமம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை அவன் கேட்கட்டும். கம்ப்யூட்டரில் செருகும் ஆர்டிஎல்–எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று போதும். அதில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. அதனால் வம்பும் இல்லை. இணையத்தில் இயங்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவர்களுக்கு அந்தச் செலவுகூடக் கிடையாது.

பி.காம் பட்டதாரி, கொளத்தூர்: எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவன் நான். தேர்வில் தேற முடியுமா?

தாராளமாக. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளே தேறுகிறார்கள். தாளில் இரண்டு பகுதி: ரேடியோ கோட்பாடும் நடைமுறையும் ஒன்று, விதிமுறைகள் மற்றொன்று. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. அதனால் விதிமுறைகளை மனப்பாடம் செய்து கோட்பாட்டை விட்டுவிடும் உத்தி செல்லாது. கணக்கைப் போட்டுத் தள்ளிவிட்டு கியூ கோடுகளை (கியூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கக் குறிகள்) பார்க்காமல் போகும் இன்ஜினீயர்களுக்கும் இது பொருந்தும்.

கோட்பாட்டில் ஓம் விதி, தொடர் இணைப்பும் பக்க இணைப்பும், ஆர்எம்எஸ் மதிப்புக்கும் உச்ச மதிப்புக்கும் உள்ள உறவு (உச்சத்தை 0.707 ஆல் பெருக்க வேண்டும்), ஒத்திசைவு அதிர்வெண், டெசிபல், சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவரின் பிளாக் படம், அயனி மண்டல அடுக்குகள் இவ்வளவும் கைவசம் இருக்கட்டும். டெசிபலில் பலரும் தடுமாறுவார்கள். பவரில் 3 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு. இந்த இரண்டை வைத்தே மற்றவற்றைக் கட்டிவிடலாம். விதிமுறையில் கியூ கோடுகள் (கியூஆர்எம் பிறர் செய்யும் இடையூறு, கியூஆர்என் இயற்கை இரைச்சல், இந்த ஜோடியை மாற்றி எழுதுபவர்கள் அதிகம்), எழுத்துகளுக்கான ஒலிப்புச் சொற்கள், அபாய அழைப்பு வந்தால் நடந்துகொள்ளும் முறை, லாக் புத்தகம் (பேச்சுகளின் பதிவேடு) எழுதுவது ஆகியவை.

மாணவர், குரோம்பேட்டை: வியு2, வியு3 என்கிறார்களே, எதற்கு முயலலாம்?

இவை அழைப்புக்குறியின் (வானலையில் நம் பெயர் போன்றது) தொடக்க எழுத்துகள்: வியு3 ரெஸ்ட்ரிக்டட் உரிமத்துக்கு, வியு2 ஜெனரல் உரிமத்துக்கு. ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். ரெஸ்ட்ரிக்டட்டுக்கு மோர்ஸ் கிடையாது. சிற்றலையில் பவர் 50 வாட்டோடு நிற்கும். 50 வாட்டே தாராளம். மோர்ஸில் உண்மையான ஆர்வம் இருந்தால் மட்டும் நேராக ஜெனரலுக்குப் போங்கள். படிக்கும்போது புள்ளியையும் கோட்டையும் கண்ணால் பார்த்து எண்ணிப் பழகாதீர்கள். அப்படிப் பழகியவர்கள் ஐந்து சொல் வேகத்தைத் தாண்ட மாட்டார்கள். ஒவ்வொரு எழுத்தையும் 15 சொல் வேகத்தில் ஒலிக்கவிட்டு, எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டிக் கேளுங்கள். எழுத்து முழு ஓசையாக மனதில் பதியும்.

ஐ.டி. ஊழியர், திருவான்மியூர்: அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. வியு3 வந்துவிட்டது. கைச்செட்டை பால்கனியில் வைத்துப் பேசினால் அடையாறைத் தாண்டவில்லை. பவர் கூடுதலான செட் வாங்கட்டுமா?

வாங்க வேண்டாம். கைச்செட்டோடு வரும் ரப்பர் ஆன்டெனா அரை முழம்கூட இருக்காது. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் அரை மீட்டர். போதாததற்கு மூன்று பக்கமும் கான்கிரீட், அதற்குள் கம்பி. 5 வாட்டை 25 வாட்டாக்கினால் எதிர்முனையின் சிக்னல் மீட்டரில் ஒரு படிக்கு (எஸ் யூனிட்) சற்றே மேல் ஏறும். அதே 5 வாட்டை மொட்டை மாடியில் ஒழுங்கான ஆன்டெனாவுக்குக் கொடுத்தால் கிடைக்கும் வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு. அசோசியேஷனில் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுக் கீழ்க்கண்ட கிரவுண்ட் பிளேன் ஆன்டெனாவைக் கட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

தேவையானவை: நான்கு துளை உள்ள எஸ்ஓ–239 பேனல் சாக்கெட் ஒன்று, 10 கேஜ் செம்புக் கம்பி 3 மீட்டர், 3 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் போல்ட்–நட்–வாஷர் நான்கு செட், ஒரு அங்குல பிவிசி பைப் இரண்டு மீட்டர், தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் ஒரு சுருள், எம்–சீல். சாக்கெட் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். நடுவில் இருக்கும் இன்சுலேஷன் டெஃப்லானா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பிளாஸ்டிக் என்றால் சால்டர் வைக்கும்போதே இளகி, நடுப்பின் சாய்ந்துவிடும்.

நடுக்கம்பியை 51 சென்டிமீட்டருக்கு வெட்டி சாக்கெட்டின் நடுப்பின்னில் நேராக நிறுத்தி சால்டர் செய்யுங்கள். 25 வாட் அயர்ன் இதற்குப் போதாது. தடித்த செம்பு சூட்டை உறிஞ்சிவிடும். ஈயம் மேலே உருண்டையாக நிற்கும், உள்ளே ஒட்டியிருக்காது. 60 வாட் அல்லது அதற்கு மேல் எடுங்கள். பக்கக் கம்பிகள் நான்கு, வளையம் முறுக்கிய பிறகு ஒவ்வொன்றும் 51.5 சென்டிமீட்டர். நான்கு துளைகளில் போல்ட் போட்டு முடுக்கி, எல்லாவற்றையும் 45 டிகிரி கீழ்நோக்கி வளையுங்கள். இந்தச் சாய்வு அழகுக்காக அல்ல. கம்பிகள் படுக்கையாக இருந்தால் மின்மறுப்பு 36 ஓம் அருகில் நிற்கும். 45 டிகிரி சாய்த்தால் 50 ஓமுக்கு வரும், கேபிளோடு பொருந்தும்.

இனி அளவு. 145 மெகாஹெர்ட்ஸுக்கு நடுக்கம்பி சுமார் 49.3 சென்டிமீட்டரில் வந்து நிற்கும். வேண்டுமென்றேதான் 51 வெட்டச் சொன்னோம். வெட்டலாம், ஒட்ட முடியாது. ஆன்டெனாவை அளக்கும் நானோவிஎன்ஏ கருவி அல்லது எஸ்டபிள்யூஆர் மீட்டரை வைத்து, எந்த அதிர்வெண்ணில் எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் பவர் எந்த அளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) மிகக் குறைகிறது என்று பாருங்கள். அந்த அதிர்வெண் 145-க்குக் கீழே இருந்தால் கம்பி நீளம் அதிகம். ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நறுக்கினால் ஒரு மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும். 145-இல் எஸ்டபிள்யூஆர் 1.5-க்குக் கீழே வந்ததும் கத்தரியைக் கீழே வையுங்கள். 1.1 வரவில்லையே என்று நறுக்கிக்கொண்டே போவது வீண் வேலை. காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கேபிளை பைப்பின் உள்ளே விட்டு, பைப்பின் அடியில் தண்ணீர் வடியத் துளை போடுங்கள். சால்டர் போட்ட இடத்தை எம்–சீலால் மூடுங்கள். கனெக்டரை ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றுங்கள். உங்கள் பகுதியில் கடற்காற்று ஒரே மழைக்காலத்தில் கனெக்டரைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். காக்கை வந்து உட்கார்ந்து கம்பியை வளைப்பதும் உண்டு. மாதம் ஒருமுறை மேலே போய்ப் பார்ப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை. ஒன்றிரண்டு வருடம் கழித்து மீட்டரில் எஸ்டபிள்யூஆர் முன்பைவிட அருமையாக, எல்லா அதிர்வெண்ணிலும் 1.1 என்று காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். கேபிளுக்குள் தண்ணீர் புகுந்து, போகும் பவரும் திரும்பி வரும் பவரும் வழியிலேயே சூடாகிப் போகிறது என்று பொருள்.

அதே வாசகர்: கடையில் கேபிள் டிவி ஒயரே போதும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை, கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆர்ஜி–6 கேபிள் 75 ஓம், நம் செட்டுக்கு வேண்டியது 50. அந்தப் பொருத்தமின்மையால் எஸ்டபிள்யூஆர் 1.5 அளவுக்குப் போகும், செட் தாங்கும். இழப்பைப் பார்த்தால் ஆர்ஜி–6 மெல்லிய ஆர்ஜி–58-ஐவிட மேல். இரண்டு மீட்டர் பேண்டில் (145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில்) ஆர்ஜி–58, 30 மீட்டர் ஓடினால் சுமார் 6 டெசிபல் தின்னும்: 5 வாட் அனுப்பினால் ஆன்டெனாவுக்கு ஒன்றேகால் வாட்தான் போய்ச் சேரும். ஆர்ஜி–6-இன் சிக்கல் வேறு. அதன் வெளிப்பின்னல் அலுமினியம்; சால்டர் ஒட்டாது. எஃப் கனெக்டரை அழுத்திப் போட்டு, அடாப்டர் மாட்ட வேண்டும். ஒவ்வொரு அடாப்டரும் தண்ணீர் புக இன்னொரு வாசல். உங்களுக்கு 20 மீட்டருக்கு மேல் தேவையென்றால் ஆர்ஜி–213 வாங்கிவிடுங்கள். புது செட்டுக்கு எடுத்து வைத்த பணத்தை இதில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம்பரம்: 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பகுதி) மதுரை, கோவை நண்பர்களோடு பேச ஆசை. மொட்டை மாடி 12 மீட்டருக்கு 9 மீட்டர். டைபோல் ஆன்டெனாவுக்கு 20 மீட்டர் நீளம் வேண்டுமாமே?

மூலைவிட்டமாகப் பாருங்கள், ஐயா: 15 மீட்டர் கிடைக்கிறது. நடுவில் ஒரு கம்பம் நட்டு, டைபோலின் இரு கம்பிகளையும் தலைகீழ் வி வடிவில் இரு பக்கமும் இறக்குங்கள். மிஞ்சும் நுனிகளை மூலைகளிலிருந்து மடக்கித் தொங்கவிடலாம். அலைவீச்சின் பெரும்பகுதி நடுவிலிருந்துதான் நடக்கிறது. நுனி மடங்கினால் நஷ்டம் சொற்பம்.

7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்கு: டைபோலுக்கான மாறா எண் 143-ஐ 7.1 ஆல் வகுத்தால் மொத்தம் 20.1 மீட்டர், ஒரு பக்கம் 10.05. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரே போதும். பிளாஸ்டிக் உறை இருப்பதாலும், வி வடிவத்தாலும், கட்டடம் அருகில் இருப்பதாலும் கடைசி அளவு இதைவிடச் சற்றுக் குறைந்தே வரும். ஆனாலும் முதலில் பக்கத்துக்கு 10.4 மீட்டர் வெட்டி ஏற்றுங்கள். 100 கிலோஹெர்ட்ஸ் மேலே நகர்த்த ஒரு பக்கத்துக்கு 14 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். வெட்டாமல் பின்னோக்கி மடித்து ஒயரோடு முறுக்கி அளந்து பாருங்கள். சரியான பிறகு வெட்டலாம். இரு பக்கமும் ஒரே அளவில் குறைய வேண்டும்.

நடுவில் 1:1 கரன்ட் பாலன் கட்டாயம். அது இல்லாவிட்டால் கேபிளின் வெளித்தோலும் ஆன்டெனாவாக வேலை செய்யும். மைக்கைத் தொட்டால் உதட்டில் சுருக்கென்று கடிக்கும், பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் உங்கள் குரல் வரும். எஃப்டி240–31 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி–58 கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் பாலன் தயார். பேசும்போது நுனிகளில் உயர் மின்னழுத்தம் இருக்கும். துணி காயப்போட வருபவர் கைக்கு எட்டாத உயரத்தில், குறைந்தது இரண்டரை மீட்டர் மேலே நிற்கட்டும். மின்வாரியக் கம்பி பக்கத்தில் போனால், ஆன்டெனா அறுந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

தாழ்வான ஆன்டெனா என்று வருந்தாதீர்கள். ஏழெட்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் டைபோல் அலையைப் பெரும்பாலும் செங்குத்தாக மேலே அனுப்பும். அது அயனி மண்டலத்தில் பட்டு ஐந்நூறு கிலோமீட்டர் சுற்றளவில் மழை போல் இறங்கும். மதுரைக்கும் கோவைக்கும் அதுதான் வேண்டும். பகலில் பேசுங்கள். இரவானதும் அயனி மண்டலம் வலுவிழந்து, செங்குத்தாகப் போகும் அலையைத் திருப்பாமல் விட்டுவிடும். மதுரை மறையும், வெளிநாடு கேட்கும். செட் கெட்டுவிட்டதென்று மெக்கானிக்கைத் தேட வேண்டாம்.

வாசகர், அண்ணா நகர்: செட், ஆன்டெனா எல்லாம் போட்டாகிவிட்டது. ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரே இரைச்சல். மீட்டர் எஸ்9-ஐ விட்டு இறங்கவில்லை.

முதலில் எல்எஸ்பி மோடில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சு அதில்தான். அது சரியாக இருந்தால் திருடன் வீட்டுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும். மெயின் போனதும் அது தானாக எழுந்து, அதுவே இரைய ஆரம்பிக்கும். இரைச்சல் விழுந்தால் சர்க்யூட் பிரேக்கரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே மீட்டரைக் கவனியுங்கள். வழக்கமாக மாட்டுபவை: விலை மலிந்த எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், வைஃபை ரவுட்டரின் அடாப்டர், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். செட்டுக்கே கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். சிசிடிவிக்கு விற்கும் 12 வோல்ட் பெட்டிகளில் பலவற்றில் ஃபில்டர் வைக்க பலகையில் இடம் இருக்கும், உதிரிபாகம் இருக்காது.

குற்றவாளியை மாற்ற முடியாவிட்டால், அதன் ஒயரை 31 வகை ஃபெரைட்டில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். ஒருமுறை உள்ளே நுழைத்தால் மட்டும் 7 மெகாஹெர்ட்ஸில் பலன் தெரியாது. மெயினை அணைத்தும் இரைச்சல் அப்படியே இருந்தால் அது அக்கம்பக்கத்தது. சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை மத்திய அலையில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் ஏறி இறங்கினால் எந்த வீடு என்று தெரிந்துவிடும். பிறகு பேச்சு சாமர்த்தியம்தான். நல்ல எல்இடி பல்பு ஒன்றை வாங்கிக் கையில் கொண்டுபோனால் பேச்சு சுலபமாகும்.

வாசகர், போரூர்: ரிப்பீட்டரில் எல்லோரும் பேசுவது கேட்கிறது. நான் கூப்பிட்டால் யாரும் பதில் தருவதில்லை.

ரிப்பீட்டர் என்பது நம் பேச்சை ஓர் அதிர்வெண்ணில் வாங்கி இன்னொன்றில் திருப்பி அனுப்பும் நிலையம். அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஷிஃப்ட்; இரண்டு மீட்டர் பேண்டில் அது வழக்கமாக மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ். சிலர் 6 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டுவிடுவார்கள். அடுத்து, அனுப்பும் பக்கத்துக்கு டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் அடையாள ஒலி) வைத்தீர்களா? பெறும் பக்கத்தில் வைத்துவிட்டால் பயனில்லை. இரண்டும் சரியென்றால் பட்டனை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். ரிப்பீட்டர் விழிக்குமுன் உங்கள் அழைப்புக்குறி பறந்துவிடுகிறது.

கல்லூரி மாணவிகள், வேளச்சேரி: விண்வெளி நிலையத்தைக் கைச்செட்டில் கேட்கலாம் என்கிறார்களே?

கேட்கலாம். உரிமம் வரும்வரை டாங்கிளிலேயே கேட்கலாம். குரலும் படங்களும் இறங்குவது 145.800 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம். சென்னைக்கு மேல் ஒரு நாளில் பலமுறை கடக்கிறது. ஒரு கடப்பு அதிகபட்சம் பத்து நிமிடம்தான். கடக்கும் நேரத்தை செயலியில் பார்த்து, உச்ச உயரம் 40 டிகிரிக்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தலைக்கு மேல் வரும்போது தூரம் 420 கிலோமீட்டர் அளவு. அடிவானத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டும். இரைச்சலை அடைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் மெல்லிய தொடக்கத்தைச் செட்டே விழுங்கிவிடும். டாப்ளர் விளைவால் வரும்போது 145.805, உச்சியில் 145.800, போகும்போது 145.795 என்று மாற்றிக்கொள்ளுங்கள். ரப்பர் ஆன்டெனாவைச் செங்குத்தாகவே பிடிக்காமல், கையைச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் சத்தம் தெளியும். விண்வெளி வீரர்கள் எப்போதும் பேசிக்கொண்டிருப்பதில்லை. பெரும்பாலும் பள்ளிகளோடு முன்கூட்டியே குறித்த நேரத்தில்தான். படம் அனுப்பும் நாட்களை முன்னதாக அறிவிப்பார்கள். ரோபோ36 செயலியை போனில் வைத்து ஸ்பீக்கர் அருகே காட்டினால் படம் வரி வரியாக விரியும்.

நமக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2005 மே 5 அன்று பிஎஸ்எல்வி–சி6 ஏற்றிச் சென்ற ஹாம்சாட், ஹாம்களுக்காகவே இஸ்ரோ செய்த செயற்கைக்கோள். 2014 வரை உழைத்தது.

வாசகி, மயிலாப்பூர்: மறைந்த என் அப்பா ஹாம். அவருடைய செட் அலமாரியில் இருக்கிறது. நான் பயன்படுத்தலாமா?

உரிமம் அவர் பெயருக்கானது, வாரிசுக்கு வராது. நீங்கள் தேர்வெழுதி உங்கள் பெயரில் உரிமம் வாங்கலாம். இல்லையென்றால் உரிமம் உள்ளவருக்குக் கொடுத்துவிடலாம். எப்படியும் "வேலை செய்கிறதா பார்க்கலாம்" என்று ஆன்டெனா இல்லாமல் பேச்சு பட்டனை அழுத்தாதீர்கள். பவர் திரும்பி வந்து கடைசி டிரான்சிஸ்டர் போய்விடும். அவருடைய லாக் புத்தகங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

வாசகர், பெசன்ட் நகர்: ஐப்பசி மழையில் இடி மின்னல். ஆன்டெனாவைக் கழற்ற வேண்டுமா?

முதல் இடி கேட்கும் முன்பே. கேபிளைக் கழற்றி செட்டின் பின்னால் தொங்கவிடுவது போதாது. ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். இடி விழ ஆரம்பித்த பிறகு கனெக்டரில் கை வைக்கக் கூடாது.

வாசகர், பெரம்பூர்: தமிழில் பேசலாமா? முதன்முதலில் என்ன பேசுவது?

தமிழில் தாராளமாகப் பேசலாம். காலை நேரத்தில் 7.050-க்கு மேல் மெதுவாகத் திருப்பினாலே தமிழ் காதில் விழும். அழைப்புக்குறியை மட்டும் "விக்டர் யூனிஃபார்ம் த்ரீ" என்று ஒலிப்புச் சொற்களில் சொல்லுங்கள். பேசும் முன் "இந்த அலைவரிசை காலியா?" என்று இருமுறை கேட்டு, சில நொடி பொறுங்கள். ஏற்கெனவே நடக்கும் பேச்சில் சேர வேண்டுமென்றால், ஒருவர் முடித்து அடுத்தவர் ஆரம்பிக்கும் இடைவெளியில் உங்கள் அழைப்புக்குறியை ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஒருவர் உங்களைக் கூப்பிட்டதும் சொல்ல வேண்டியது மூன்று விஷயம்: அவர் குரல் எப்படிக் கேட்கிறது (5–9 தெளிவாகவும் பலமாகவும், 3–3 தட்டுத்தடுமாறி), உங்கள் பெயர், ஊர். கேட்காமலே 5–9 கொடுக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு; நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கள். ஆன்டெனாவைச் சரிசெய்ய அவருக்கு அதுதான் உதவும். பாட்டு ஒலிபரப்பக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, மூன்றாம் நபருக்குச் சேதி கடத்தக் கூடாது. முடிந்ததும் நாள், நேரம், அதிர்வெண், அழைப்புக்குறி, இருபக்க சிக்னல் அளவு எல்லாவற்றையும் லாக்கில் எழுதுங்கள். நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதினால், பேசியதை உறுதிசெய்ய வரும் வெளிநாட்டு கியூஎஸ்எல் அட்டைகளோடு ஒத்துப்போகும்: நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு முன் பேசியிருந்தால் தேதியும் முந்தைய நாளுக்குப் போகும். புதியவர்களின் லாக்கில் அதிகம் தவறுவது அந்த ஒரு கட்டம்தான்.